ஏசியில் விரல் வெளுத்து விறைப்பது ஏன்? என்ன பார்க்க வேண்டும், என்ன வைத்தியம்?

கேள்வி இதுதான்: "எனக்கு 34 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், வேலை கோட்டையில். ஒரு வருஷமாக ஒபிஸ் ஏசியில் இரண்டு கையிலும் சில விரல்கள் திடீரென்று வெளுத்து விறைத்துப் போகின்றன. பிறகு நீலமாகி, வெளியே வந்ததும் சிவந்து கடுக்கின்றன. இரத்தம் இல்லை என்கிறார் அம்மா. குடும்ப டொக்டர் இரும்புக் குளிசையும் விற்றமினும் தந்தார், மாற்றமில்லை. ஒன்றரை வருஷமாக மைக்ரேனுக்குப் புரோப்ரனலோல் எடுக்கிறேன். 19 வயதுத் தங்கச்சிக்கும் லேசாக இப்படி வருகிறது. இது என்ன, யாரிடம் காட்டுவது?"

வெள்ளை, நீலம், சிவப்பு என்று நீங்கள் எழுதிய அந்த வரிசையே பாதிப் பதிலைத் தந்துவிடுகிறது. இதற்கு ரேனோ என்று பெயர். மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் பாரிஸில் எழுதிய ஆய்வேட்டில் இதை விவரித்தார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. விரல்களுக்குப் போகும் சிறிய இரத்தக் குழாய்கள் குளிருக்கோ மனப் பதட்டத்துக்கோ அளவுக்கு மீறி இறுகிவிடுகின்றன. இரத்தம் போகாதபோது விரல் வெளுக்கிறது. உள்ளே நின்றுபோன இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததும் நீலமாகிறது. குழாய் மறுபடி திறந்து இரத்தம் பாயும்போது சிவந்து, குத்தும், கடுக்கும். மூன்று நிறமும் எல்லோருக்கும் வருவதில்லை. வெள்ளை மட்டும் தெளிவாக வந்தாலே போதும்.

விரல்களின் தோலுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. உடம்பின் சூட்டை வெளியே விடுவதும் உள்ளே பிடித்து வைப்பதும் பெருமளவு அங்கேதான் நடக்கிறது. குளிர்ந்தால் குழாயை இறுக்கு என்ற கட்டளை எல்லோருடைய விரலுக்கும்தான் வருகிறது. உங்கள் விரல் அதை மிகையாக நிறைவேற்றுகிறது.

கொழும்பு வெயிலில் இது எப்படி என்று பலர் கேட்பார்கள். குளிரின் அளவு மட்டுமில்லை, சூட்டிலிருந்து குளிருக்குச் சட்டென்று மாறுவதும் இதைத் தூண்டுகிறது. காலி வீதியில் முப்பது பாகை வெயிலில் வியர்த்து நின்றவர், பதினெட்டில் வைத்த ஏசிக்குள் நேராகப் போய் உட்கார்கிறார். நனைந்த சட்டை, தலைக்கு மேல் காற்று வரும் துளை, விசைப்பலகையில் அசையாமல் இருக்கும் கை. நுவரெலியாவில் எந்நேரமும் சுவெட்டர் போட்டுப் பழகியவருக்கு வராதது இங்கே வந்துவிடும். டீப் ஃப்ரீஸரில் மீன் பொதியைக் கிளறுவது, பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் அள்ளுவது, மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எல்லாம் இதே கணக்குத்தான்.

அம்மா சொல்லும் இரத்தக் குறைவு வேறு. அதில் உள்ளங்கை, கண்ணிமையின் உள்பக்கம் எல்லாம் எப்போதும் வெளிறியிருக்கும். ரேனோவில் விரலின் ஒரு பகுதி மட்டும், கோடு கிழித்தது போல எல்லை தெரிய வெளுக்கும், கொஞ்ச நேரத்தில் மாறும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்புக் குளிசை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அது குழாய் இறுகுவதை நிறுத்தாது. சீனி வருத்தத்தில் வரும் விறைப்பு பெரும்பாலும் காலில் தொடங்கும், நிறம் மாறாது. மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டால் இரவில் பெருவிரலிலிருந்து நடுவிரல் வரை விறைத்து நித்திரையைக் கெடுக்கும், அதிலும் வெள்ளை எல்லை இருக்காது. கை எந்நேரமும் நீலமாக, நோவில்லாமல், வியர்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் வேறொன்று, அநேகமாகப் பயப்படத் தேவையில்லாதது.

நம்முடைய தோல் நிறத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மருத்துவப் புத்தகங்களில் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. கறுத்த, மாநிறத் தோலில் விரலின் மேற்பக்கம் சாம்பல் பூத்தது போலத்தான் தெரியும், நீலம் சிலவேளை தெரியவே தெரியாது. விரலைத் திருப்பி உள்பக்க நுனியையும் நகத்தின் அடியையும் பாருங்கள், நிறம் அங்கேதான் காட்டும். அடுத்த முறை வரும்போது மறக்காமல் ஃபோனில் படம் எடுங்கள், முடிந்தால் பக்கத்தில் இருப்பவரின் விரலோடு சேர்த்து. டொக்டரின் அறைக்குப் போகும்போது விரல் சாதாரணமாகத்தான் இருக்கும். படம் இருந்தால் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சிங்களத்தில் பேசும் டொக்டரிடம் தமிழில் விவரிக்கச் சிரமப்படுபவருக்கு இது பெரிய உதவி.

சரி, இது ரேனோ என்று வைத்துக்கொள்வோம். அதோடு விஷயம் முடிவதில்லை. உண்மையான கேள்வி, இது தனியாக வந்ததா, இன்னொரு நோயின் முதல் அடையாளமா என்பதுதான். நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு ரேனோ இருக்கலாம், அவர்களில் பெரும்பான்மையோருக்கு அது தனியாகத்தான் வருகிறது. அதை முதல்நிலை ரேனோ என்கிறோம். வழக்கமாகப் பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடையில் தொடங்கும், பெண்களுக்குக் கூடுதல், இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும், விரல் நுனியில் புண் வராது. தொந்தரவுதான், ஆனால் விரலைக் கெடுப்பதில்லை. இரண்டாம்நிலை ரேனோவுக்குப் பின்னால் ஸ்க்லெரோடெர்மா என்ற தோல் இறுக்க நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், தைரொய்ட் குறைவு, மருந்துகள், வேலையில் வரும் அதிர்வு, புகையிலை என்று ஏதோ ஒன்று நிற்கும். ஸ்க்லெரோடெர்மா உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் ரேனோ இருக்கும். பலருக்கு மற்ற அறிகுறிகளுக்கு வருடங்கள் முன்பே விரல் வெளுக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் விற்றமின் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் எனக்கு மனவருத்தம் தருகிறது. முன்கூட்டியே வந்த தகவல் அது, அதைக் கேட்காமல் விடக்கூடாது.

உங்களுக்குத் தொடங்கியது 33 வயதில். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிந்தித்தான். பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் சரியாகப் பார்த்துவிட வேண்டிய வயது.

என் முன்னால் வந்து உட்கார்ந்தால் முதலில் இவற்றைத்தான் கேட்பேன். போட்டிருந்த மோதிரம் இப்போது இறுக்கமாக இருக்கிறதா? காலையில் விரல்கள் ஊதியிருக்கின்றனவா, தோலைக் கிள்ளி எடுக்க முடியாதபடி தடித்திருக்கிறதா? நெஞ்செரிவு, சோறு விழுங்கும்போது தொண்டைக்குக் கீழே நிற்பது போன்ற உணர்வு? படி ஏறினால் முன்பில்லாத இளைப்பு? கண்ணும் வாயும் வறண்டு, பிஸ்கட் சாப்பிடவே தண்ணீர் தேவைப்படுகிறதா? வெயிலில் போனால் முகத்தில் தடிப்பு, மூட்டு நோவு, காரணமில்லாமல் முடி கொட்டுதல்? விரல் நுனியில் ஊசி குத்தியது போல ஆறாத சிறு குழிகள்? இவற்றில் விரல் ஊதுவதையும் நுனிக் குழியையும் நான் மிகக் கவனமாக எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் நகத்தின் அடி ஓரம். இந்தப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, நோவில்லை, ஆனால் இதுதான் மிகக் கூடுதலாகச் சொல்லும். நகம் தோலோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தோல் டொக்டர்கள் வைத்திருக்கும் டெர்மட்டோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்க்க வேண்டும். மோதிர விரலிலும் சின்ன விரலிலும் தோல் மெல்லியது, அங்கே நன்றாகத் தெரியும். ஆரோக்கியமான விரலில் மயிர்த்துளைக் குழாய்கள் என்ற மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கி வைத்தது போல, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் நிற்கும். ஸ்க்லெரோடெர்மா தொடங்கியிருந்தால் அந்த வரிசை குலைந்திருக்கும். சில குழாய்கள் பல மடங்கு பருத்து நிற்கும், பக்கத்தில் கறுத்த இரத்தப் புள்ளிகள், பிறகு குழாயே இல்லாத வெறும் இடம். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். இதற்குப் போகும்போது நகப் பூச்சை எடுத்துவிடுங்கள். மருதோன்றி போட்டிருந்தால் நிறம் போகும் வரை பொறுப்பது நல்லது. நகத்தோலை வெட்டும் மெனிக்கியூரையும் சில வாரம் முன்பே நிறுத்துங்கள், அந்தக் காயமே இரத்தப் புள்ளியாகத் தெரிந்து குழப்பும்.

பரிசோதனைகளில் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஈ.எஸ்.ஆர். (அழற்சி), டி.எஸ்.எச். (தைரொய்ட்), கிரியட்டினின் (சிறுநீரகம்), சிறுநீர் முழு ரிப்போர்ட், ஏ.என்.ஏ. (உடம்பின் சொந்த உயிரணுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்) ஆகியவை போதும். ஏ.என்.ஏ. பொசிட்டிவ் என்று வந்தவுடன் இணையத்தில் தேடி இரவெல்லாம் அழுபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்த வருத்தமும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேரளவில் 1:160 அளவிலேயே, அதாவது இரத்த மாதிரியை 160 மடங்கு ஐதாக்கியும், பொசிட்டிவ் வரும், 1:40 என்றால் இன்னும் பலருக்கு வரும். அளவும், எந்த வடிவம் என்பதும், அதற்கு அடுத்துச் செய்யும் சென்ட்ரோமியர், எஸ்.சி.எல்.-70 போன்ற குறிப்பான எதிர்ப்பொருள்களும்தான் முக்கியம்.

இதில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. கனடாவின் மொன்ட்ரியலில் ரேனோ உள்ள 586 பேரை இருபது வருடம் வரை பின்தொடர்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். நகத்தடிக் குழாய்கள் சாதாரணமாக இருந்து, ஸ்க்லெரோடெர்மாவுக்குரிய எதிர்ப்பொருளும் இல்லாதிருந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே பிறகு அந்த நோய் வந்தது. இரண்டும் பிழையாக இருந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேரளவில் வந்தது. ஆகவே இந்த இரண்டையும் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, ஆதாரத்தோடு வரும் நிம்மதி. பிழையாக இருந்தால், நுரையீரலையும் இதயத்தையும் காலத்தோடு கண்காணிக்க வழி கிடைக்கும்.

ஐஸ் தண்ணீரில் கையை வைத்துப் பார்க்கும் சோதனை தேவையில்லை. வீணாக நோவு. இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கேனை எல்லோருக்கும் எழுதுவதிலும் பொருளில்லை. ஆனால் ஒரு கையில் மட்டும் வந்தால், அல்லது ஒரே ஒரு விரலில் வந்தால் கதை மாறும். அப்போது இரண்டு கையிலும் பிரஷர் பார்த்து, மணிக்கட்டு நாடி பிடித்து, கழுத்தில் மேலதிக விலா எலும்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்து, டொப்ளரும் செய்ய வேண்டும்.

இனி உங்கள் மருந்துக்கு வருகிறேன். புரோப்ரனலோல் ஒன்றரை வருடம், விரல் பிரச்சினை ஒரு வருடம். இந்த வரிசையை யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். புரோப்ரனலோல், அட்டனலோல் போன்ற பீட்டா புளொக்கர்கள் ரேனோவைக் கொண்டுவரவும் கூட்டவும் கூடியவை. அதற்காக நாளைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் இதயம் படபடக்கும், மைக்ரேனும் திரும்பும். எழுதிய டொக்டரிடம் சொல்லி, படிப்படியாகக் குறைத்து, வேறு தடுப்பு மருந்துக்கு மாற்றலாம். மைக்ரேன் வரும்போது போடும் ஏர்கொட்டமின், சுமட்ரிப்டன் ஆகியவையும் குழாயை இறுக்குபவை. தடிமனுக்குப் பாமசியில் வாங்கும் சில குளிசைகளில் உள்ள சூடோஎஃபெட்ரினும் அப்படித்தான். எல்லாப் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்தை மாற்றிய பிறகு விரல் சரியானாலும் நகத்தடியையும் ஏ.என்.ஏ.வையும் ஒருமுறை பார்த்துவிடத்தான் வேண்டும்.

இதை வாசிக்கும் ஆண்களுக்கும் இரண்டு வார்த்தை. கொழும்பில் எழும்பும் மாடிக் கட்டடங்களில் கொங்கிரீட் உடைக்கும் இயந்திரமும் கிரைண்டரும் பிடிக்கும் தம்பிமார் பலருக்கு விரல் வெளுக்கிறது, வேலை போய்விடும் என்று சொல்லாமல் இருக்கிறார்கள். அலிஸ் ஹமில்டன் என்ற மருத்துவர் 1918இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சுண்ணக்கல் வெட்டுபவர்களிடம் இதையே பார்த்தார். உளியைப் பிடிக்கும் இடது கைதான் அவர்களுக்குக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தது. ஆரம்பத்திலேயே அதிர்வைக் குறைத்தால் திரும்பும், வருடக்கணக்கில் விட்டால் விறைப்பு நிரந்தரமாகிவிடும். மற்றது புகை. நாற்பத்தைந்துக்குக் குறைந்த, சிகரெட்டோ பீடியோ குடிக்கும் ஆணுக்கு விரலிலோ கால் விரலிலோ தாங்க முடியாத நோவு, ஆறாத புண் என்றால் அது புகையிலையால் கை கால் இரத்தக் குழாய்கள் அடைபடும் புவர்கர் நோயாக இருக்கலாம். அதற்கு ஒரே மருந்து புகையிலையை முற்றாக விடுவது. ஒரு நாளைக்கு ஒன்று என்பதும் வெற்றிலையோடு போடும் புகையிலையும் அதில் சேரும். விடாதவர்கள் விரலை இழப்பது எங்கள் வாட்டுகளில் இன்றும் நடக்கிறது.

வைத்தியத்தில் முதலாவது சூடு, அதுவும் கைக்கு மட்டுமில்லை, உடம்புக்கு. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் மூளை விரல் குழாய்களைத்தான் முதலில் மூடும். கையுறை போட்டும் பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் மெல்லிய பருத்திச் சட்டையோடு ஏசிக்குக் கீழே இருப்பவர்கள். உள்ளே ஒரு பெனியன், மேலே கார்டிகன், காலுக்கு மேஸ், கழுத்துக்கு ஒரு சால்வை. இவற்றை விரல் வெளுத்த பிறகு தேடாமல், லிஃப்டில் ஏறும்போதே போட்டுவிடுங்கள். பஸ்ஸில் வியர்த்து நனைந்திருந்தால் சட்டையை மாற்றிவிட்டு உட்காருங்கள். கதிரையை ஏசி நேராக அடிக்காத இடத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கலாம். வீட்டில் ஃப்ரீஸரிலிருந்து மீன் எடுக்க ஒரு தடித்த கையுறையை அதன் மேலேயே வைத்துவிடுங்கள்.

வெளுத்துவிட்டால் கையை அக்குளுக்குள் வைக்கலாம், அல்லது எழும்பி நின்று முழுக் கையையும் வட்டமாகச் சுழற்றலாம். வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. கொதிநீர் வேண்டாம், விறைத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சித்தாலேப தேய்த்தால் எரிவு ஒரு இதம் தரும், குழாயைத் திறக்காது. புண் இருந்தால் அதன் மேல் எந்தத் தைலமும் பூச வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வந்தால் மருந்து இருக்கிறது. முதலில் எழுதுவது இரத்தக் குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் மெதுவாகக் கரையும் வகை, அல்லது அம்லோடிபின் 5 மில்லிகிராம். இரண்டும் பிரஷர் கிளினிக்குகளில் அன்றாடம் எழுதும் குளிசைகள். பாமசிக்காரர் தெரிந்தவர் என்பதற்காக வாங்கிப் போட்டுவிடாதீர்கள், பிரஷர் குறைந்தவருக்குத் தலை சுற்றும். தலையிடி, முகம் சூடாவது, கணுக்கால் வீக்கம் வரலாம். மைக்ரேன் உள்ள உங்களுக்கு அந்தத் தலையிடி தொந்தரவாகலாம், அதை முன்கூட்டியே சொல்லுங்கள். வெளுப்பது அடியோடு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தடவைகள் குறையும், நேரம் குறையும், கடுப்பு குறையும். அது போதாவிட்டால் லொசார்டன், ஃபுளுவொக்செட்டின், சில்டெனஃபில் என்று அடுத்த படிகள் உண்டு. சில்டெனஃபிலை நெஞ்சு நோவுக்கான நைட்ரேட் மருந்தோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், லொசார்டன் கருவுக்கு ஆபத்து. விரல் நுனிப் புண்ணோடு வரும் கடுமையான ரேனோவுக்கு வாட்டில் வைத்து ஐலோப்ரொஸ்ட் என்ற, குழாயை விரிக்கும் மருந்தை ஏற்றுவார்கள். புதிய புண் வராமல் தடுக்க போசெண்டன் உண்டு, அதுவும் கர்ப்பத்தில் கூடாது.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டு நோவுக்கும் விரல் வீக்கத்துக்கும் யாரோ எழுதியதைப் பல மாதம் தொடர்ந்து எடுப்பவர்கள் கொழும்பில் நிறைய. ஸ்க்லெரோடெர்மா உள்ளவருக்கு நாளுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவு சிறுநீரகத்தைத் திடீரென்று பழுதாக்கும் அபாயத்தைக் கூட்டுகிறது, பிரஷர் ஏறுவதுதான் முதல் அடையாளம். காரணம் தெரியாமல் ஸ்டெரொய்ட் தொடங்கக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

எங்கே காட்டுவது என்று கேட்டீர்கள். மூட்டு நோய்களையும் இந்த வகை நோய்களையும் பார்க்கும் ருமட்டோலஜி டொக்டரிடம்தான். அரசாங்க வழியில் என்றால் ஓ.பி.டி.யிலோ குடும்ப டொக்டரிடமோ கடிதம் வாங்கிக்கொண்டு தேசிய வைத்தியசாலையின் ருமட்டோலஜி கிளினிக்குக்குப் போகலாம். வரிசை நீளம்தான், காலையிலேயே போக வேண்டும், ஆனால் செலவில்லை. எதிர்ப்பொருள் சோதனைகளைப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவதுண்டு, ரிப்போர்ட் வரக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவசரமாக ஒரு அபிப்பிராயம் வேண்டுமென்றால் சனல் பண்ணிப் பார்த்துவிட்டு, தொடர் வைத்தியத்துக்குக் கிளினிக்குக்கு மாறலாம். சனல் பண்ணும்போது நகத்தடியைப் பார்ப்பாரா என்று கேட்டு வையுங்கள்.

கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. ஒரு விரல் சூடாக்கியும் மணிக்கணக்கில் நீலமாகவே இருந்தால், கறுக்கத் தொடங்கினால், நோவு நித்திரை கொள்ள விடாவிட்டால், நுனிப் புண்ணில் சீழ் வைத்தால், அல்லது முழுக் கையும் திடீரென்று குளிர்ந்து நாடி பிடிபடாவிட்டால் அன்றைக்கே போக வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலை ஆஸ்பத்திரி கிட்ட, 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தங்கச்சியின் விஷயம். அக்கா தங்கச்சி இருவருக்கும் வருவது வழக்கம்தான், முதல்நிலை ரேனோ குடும்பங்களில் ஓடும். 19 வயது, இரண்டு கையிலும் லேசாக, வேறு தொந்தரவு இல்லை என்றால் அவருக்கு அநேகமாக அதுதான். ஆனாலும் உங்களோடு கூட்டிக்கொண்டு போய் அவருடைய நகத்தடியையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏ.என்.ஏ. ஒருமுறை செய்யட்டும். இரண்டும் சரியென்றால் மருந்து தேவையில்லை. மோதிரம் இறுகினாலோ நுனியில் புண் வந்தாலோ உடனே சொல்ல வேண்டும் என்று மட்டும் அவரிடம் விளக்கி வையுங்கள். பிற்காலத்தில் பிள்ளைக்குப் பாலூட்டும்போது முலைக்காம்பு வெளுத்துக் கடுத்தால் அதுவும் இதே ரேனோவாக இருக்கலாம். பூஞ்சணத் தொற்று என்று களிம்பு பூசி, நோவு தாங்காமல் பாலூட்டலையே நிறுத்திவிடும் தாய்மார் உண்டு. அங்கும் சூடும் நிஃபெடிபினும் உதவும், தாய்ப்பாலைத் தொடரலாம்.